சே. அழகி

அழகி எழுதக் கற்றுக்கொண்ட முதல் எழுத்து அவள் புருஷனுடைய எழுத்து. கல்யாணமாகி வந்த மறு வருஷம் அறிவொளிக்காரர்கள் ஊருக்கு வந்து, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டுப் பெரியவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். தைலமரத்துப் பட்டை உரித்து உரித்துக் காய்த்துப்போன விரல்களில் பல்பம் நிற்காமல் வழுக்கியது. சொல்லிக்கொடுக்க வந்தவர் அவள் பேரையும் வீட்டுக்காரர் பேரையும் கேட்டுக்கொண்டு சிரித்தார். வீட்டுக்காரர் அடைக்கலம், நீ அழகி, ஒரே ஒரு 'அ' படித்துவிட்டால் பாதிக் கையெழுத்து முடிந்தது, உனக்கு யோகம்தான் என்றார். அப்படியே ஆயிற்று. முதல் 'அ' அவருக்கு, ஒரு புள்ளி, அடுத்த 'அ' அவளுக்கு. 'ழ'வுக்குத்தான் ஒரு மாசம் பிடித்தது.

அடைக்கலமும் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து பார்த்தார். மரம் தள்ளுகிறவனுக்கு இது எதற்கு என்று எழுந்து போய்விட்டார். ஆனாலும் அந்த ஒரு எழுத்து மட்டும் அவர் கண்ணில் ஒட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் அதை வைத்துத்தான் பிழைப்பு. வெறும் 'அ' வந்தால் அறந்தாங்கி பஸ், வால் முளைத்த 'அ' வந்தால் ஆலங்குடி பஸ். மற்ற ஊருக்கெல்லாம் யாரையாவது கேட்டுக்கொள்வார். வீட்டில் பானை, குண்டான், தூக்குவாளி எதில் பேர் வெட்டினாலும் முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து, இது நான் என்பார்.

இவ்வளவையும் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேலாகச் சும்மா கிடந்த அந்த ஓர் எழுத்து, போன வருஷம் கவர்மெண்டு திருப்பி அனுப்பிய வரிப்பணத்தை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டது.

அடைக்கலத்தின் கூட்டத்தில் எட்டுப் பேர். அவர் மேஸ்திரி. ஆம்பளைகள் மரத்தை அறுத்துத் தள்ளுவார்கள், பொம்பளைகள் பட்டை உரித்து அடுக்குவார்கள், லாரி வந்தால் எல்லோரும் சேர்ந்து ஏற்றுவார்கள். கூலி டன் கணக்கு. வந்த காசைப் பங்கு வைப்பார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, மரம் அறுக்கும் மிஷினுக்கு ஒரு பங்கு. தங்கள் மிஷின் இருந்த காலத்தில் அந்தப் பங்கு அதன் ரிப்பேருக்கும் பெட்ரோலுக்கும் ஆகும். அது புகைந்து செத்த பிறகு வடகாட்டுக்காரர் ஒருவரிடம் வாடகைக்கு எடுத்தார்கள். அவர் காட்டுப் பக்கமே வராமல் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு போனார். வேர்க்காத பங்கு என்று அதற்குப் பேர் வைத்திருந்தான் வெள்ளைச்சாமி. வெள்ளைச்சாமி அழகியின் உடன்பிறந்த தம்பி. அதே கூட்டத்தில்தான் வேலை பார்க்கிறான்.

முன்பெல்லாம் காண்ட்ராக்டர் கூலியைக் கையில் கொடுப்பார். அப்புறம், இனிமேல் கணக்கில்தான் போடுவேன், ஒரே ஆள் பேரில்தான் போடுவேன் என்றார். யார் கணக்கில் போடுவது? அடைக்கலம் கணக்கில் பழைய ஆட்டுக்கடன் பாக்கி. காசு விழுந்தால் பேங்கே எடுத்துக்கொள்ளும். வெள்ளைச்சாமி கதையும் அதுதான். வில்லங்கம் இல்லாமல் இருந்தது மகளிர் குழுவுக்காக அழகி ஆரம்பித்த கணக்கு ஒன்றுதான். அதில் போடச் சொன்னார்கள். காண்ட்ராக்டருடைய கணக்குப்பிள்ளையே அவளுக்கு ஒரு பான் கார்டும் எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவளை அக்கவுண்டு மேஸ்திரி என்று கூட்டத்தில் கேலி பேசினார்கள். அடைக்கலமும் சேர்ந்து சிரித்தார்.

முதல் கூலி குறைவாக வந்தது. அழகி கணக்குப்பிள்ளையிடம் கேட்டாள்.

"நூத்துக்கு ஒரு ரூவா பிடிச்சிருக்கும்மா" என்றார் அவர்.

"யாருக்குங்க பிடிச்சிருக்கு?"

"கவர்மெண்டு பிடிச்சிருக்கு."

பக்கத்தில் நின்ற வெள்ளைச்சாமி, "நம்ம காசு கவர்மெண்டுக்குப் புடிச்சிருக்காம்க்கா. வேர்வை உப்பு ருசி போல" என்றான்.

கணக்குப்பிள்ளை பொறுமையாகத்தான் விளக்கினார். பெரிய தொகை ஒருத்தர் பேரில் போனால் நூற்றுக்கு ஒன்றை வரியாகப் பிடித்து, அந்தப் பான் கார்டின் பேரில் கட்டிவிட வேண்டும். ஆனால் உங்களுக்கெல்லாம் வரி கட்டுகிற வருமானமே கிடையாது. வருஷம் முடிந்ததும் இவ்வளவுதான் வருமானம் என்று கம்ப்யூட்டரில் கணக்குக் காட்டினால், பிடித்ததை அப்படியே திருப்பி உங்கள் பேங்குக் கணக்கில் போட்டுவிடுவார்கள். யாரும் நம்பவில்லை. கவர்மெண்டு கையில் போன காசு திரும்பி நடந்து வந்ததை அவர்களில் யாரும் கண்டதில்லை.

இருந்தாலும் வருஷம் முடிந்ததும் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தேவிப்ரியாவிடம் அழகி போனாள். அந்தப் பெண் பான், ஆதார் இரண்டு கார்டையும் வாங்கி, பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து, போனில் வந்த நம்பரைக் கேட்டு, தட்டு தட்டு என்று தட்டி, முடிந்தது என்றாள். பிடித்திருந்தது பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அது வந்தால் பங்கு வைக்கக் கூடாது, அப்படியே மிஷின் வாங்கிவிட வேண்டும் என்று கூட்டத்தில் பேசி முடித்தார்கள். புதுக்கோட்டையில் பழைய மிஷினைச் சரிபண்ணி விற்கிற கடை ஒன்றில் விலைகூடக் கேட்டு வந்துவிட்டான் வெள்ளைச்சாமி.

ஒரு மாசம் கழித்து அழகியின் போனில் இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்தது. காசு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேலைக்கு நடுவிலேயே ஆலங்குடிக்குப் போனாள். தேவிப்ரியா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அக்கா, காசு கெளம்பி வந்திருக்கு. ஒங்க வாசல் வரைக்கும் வந்துட்டு, இது வேற ஆளு வீடு போலன்னு திரும்பிப் போயிருச்சு."

"எம் பேருல என்ன குத்தம்?"

"குத்தம் இல்லக்கா. பான் கார்டுல சேவுகன் அழகி. ஆதாருலயும் அதே. பேங்குல மட்டும் அ. அழகி. அங்கிட்டு ஒக்காந்திருக்கற கம்ப்யூட்டருக்கு நீங்க ரெண்டு பொம்பளைங்க."

சேவுகன் அழகியின் அப்பா. பான் கார்டில் அப்பா பேரைத்தான் கேட்பார்களாம். கணக்குப்பிள்ளை கேட்டபோது அவளும் அப்பா பேரைச் சொன்னாள். அதைப் பேருக்கு முன்னால் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். ஆதாருக்குப் போட்டோ எடுத்த அன்றைக்கும் அப்படித்தான். கார்டைத் திருத்த முடியாதா என்று அழகி கேட்டாள். திருத்தலாம், ஆனால் இரண்டு கார்டையும் திருத்த வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி கேட்பார்கள், எத்தனை மாசம் ஆகும் என்று சொல்ல முடியாது. பேங்கில் என்றால் ஒரு நாள் வேலை. கார்டைக் காட்டி, 'அ'வை எடுத்துவிட்டு அப்பா எழுத்தைப் போடச் சொல்லுங்கள், அப்புறம் காசை மறுபடி அனுப்பச் சொல்லி நான் எழுதிவிடுகிறேன் என்றாள் தேவிப்ரியா.

பஸ்ஸில் வரும்போது அழகி அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சே. அழகி. யாரோ அவள் பேரைக் கேட்டு முகத்தைச் சுளித்த மாதிரி இருந்தது. இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னாள். அப்படியும் அதே சுளிப்புதான்.

வீட்டுக்கு வந்தபோது அடைக்கலம் வாசலில் குந்தி அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் தீட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், எடுத்துவிட்டு எந்த எழுத்தைப் போடுவார்களாம் என்றார்.

"சே" என்றாள் அழகி.

கை நின்றுவிட்டது.

சேவுகன் அடைக்கலத்துக்குச் சொந்தத் தாய்மாமன். மரம் அறுக்கக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான், பெண் கொடுத்தவரும் அவர்தான். அந்த மனுஷன் அடைக்கலத்தை ஒரு நாளும் வைததில்லை. வைதிருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மரம் கோடு தப்பி ஒரு முழம் தள்ளி விழுந்தால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு "ச்சே" என்பார். அவ்வளவுதான். கயிறு கட்டினால் ச்சே, அவிழ்த்தால் ச்சே. மருமகனான பிறகும், மேஸ்திரியான பிறகும், சாப்பாட்டில் கை வைத்திருக்கும்போது வேலை ஞாபகம் வந்தாலும் ச்சே. அவர் செத்த அன்றைக்குக் கொட்டகை போட்டபோது கால் ஒன்று சாய்ந்துவிட்டது. எல்லோரும் பிணத்தைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று வெள்ளைச்சாமி இன்றைக்கும் சொல்வான்.

"போயும் விடமாட்டேங்குறாரே மனுசன்" என்றார் அடைக்கலம். "ஒம் பேருக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டு என்னையப் பாத்து சேங்குறாரு."

"எழுத்துதானேங்க."

"எழுத்துத்தான். எனக்குத் தெரிஞ்சதே அந்த ஒண்ணுதானே."

கோபித்தால் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிற ஆள் அவர் இல்லை. சாப்பிட்டார், படுத்தார். காலையில் எழுந்து பல் விளக்கிவிட்டு, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

அழகி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. தன்னைத்தான் சொல்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து அப்படியே. சோறு வைங்க. தூக்குவாளிய எடுத்துக்கிட்டீங்களா. வெயிலா இருக்கு, அங்கிட்டுப் போயி ஒக்காருங்க. ஏ அழகி என்று ஊர் எல்லைக்குக் கேட்கக் கூப்பிட்ட மனுஷன், பக்கத்து ஊர் வாத்தியார் சம்சாரத்திடம் பேசுகிற மாதிரி பேசினார். பேரை மட்டும் சொல்லவே இல்லை. அவர் கணக்கு அழகிக்கு விளங்கிவிட்டது. அவருடைய எழுத்து இல்லாத பொம்பளை வேறு வீட்டுப் பொம்பளை. வேறு வீட்டுப் பொம்பளையை நீ, வா, போ என்று எப்படிச் சொல்வது?

வைதால் தாங்கிக்கொள்ளலாம். இந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முதல் நாள் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது, வாசலில் இருந்து அவர், "இந்தாங்கம்மா, அடுப்பைப் பாருங்க" என்கிறார். அம்மாவாம். அவளுக்குக் கண் கரித்தது. புகை என்று சொல்லிக்கொண்டாள்.

காட்டில் விஷயம் பரவிவிட்டது. கூடப் பட்டை உரிக்கிற பிரகதாம்பாள், எழுத்தை எடுக்கப்போறாளாமே, அப்ப புருசனைத் தீத்துவிட்டாச்சா என்று கேட்டு மற்றவர்களைச் சிரிக்க வைத்தாள். வெள்ளைச்சாமி மட்டும் அவன் பங்குக்கு மச்சானிடம் பேசிப் பார்த்தான்.

"எனக்கும் சேதான் மச்சான். பொறந்ததுலேருந்து அதோடதான் திரியுறேன். ரேசன் கடையில கூப்புடுறப்பவே காறித் துப்புற மாதிரித்தான் கூப்புடுவான். நான் என்ன கொறஞ்சா போயிட்டேன்?"

"நீ அவருக்குப் பொறந்தவன்டா. வாங்கித்தான் ஆகணும்" என்றார் அடைக்கலம்.

அழகி பேங்குக்குப் போகாமல் நாளைக் கடத்தினாள். நாளைக்குப் போகிறேன், சந்தை கழித்துப் போகிறேன் என்றாள். கூட்டத்தில் யாரும் அவளை வற்புறுத்தவில்லை. ஆனால் வேர்க்காத பங்கு எடுத்து வைக்கும்போதெல்லாம் எல்லோரும் அந்தக் காசையே பார்த்தார்கள். அந்தப் பார்வை அவள் முதுகில் விழுந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று அந்த எழுத்தைப் பழகிக்கொள்ளவும் தொடங்கினாள். பட்டை உரித்த தைலக்கட்டை வெள்ளை வெளேரென்று சிலேட்டு மாதிரி வழுவழுப்பாக இருக்கும். டீ போட்ட அடுப்பில் இருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, யாரும் பார்க்காதபோது அதில் எழுதுவாள். 'அ' எழுதினால் வளைந்து வளைந்து கையோடு வந்துவிடும். 'சே' அப்படி வரவில்லை. முதலில் ஒரு கொம்பு, அதற்கு ஒரு மேல்சுழி, அப்புறம்தான் 'ச'. முட்ட வருகிற மாடு மாதிரி கொம்பு முன்னால் வந்து நின்றது. ஒரு கட்டை முழுக்க எழுதினாள், அடுத்த கட்டை முழுக்க எழுதினாள். அழிக்க நினைப்பதற்குள் லாரி வந்துவிட்டது.

எடைமேடையில் லாரி நின்றபோது எடை போடுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, லாரியில் கூட வந்த அடைக்கலத்திடம், என்ன மேஸ்திரி, கட்டையெல்லாம் என்னைப் பார்த்துச் சே சே என்கிறது, போன தடவை எடை சரியில்லையா என்று கேட்டிருக்கிறார். அடைக்கலம் இறங்கி வந்து பார்த்திருக்கிறார். படிக்கத் தெரியாது. ஆனால் தன்னுடைய எழுத்து இல்லை என்று தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் வந்தவர் முற்றத்தில் நின்றபடியே சொன்னார். "கட்டையில எழுதாதீங்க. விக்கிற சாமான்."

மறு வாரம் வடகாட்டுக்காரர் வந்து மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார். தென்னந்தோப்பு ஒன்றில் பட்ட மரம் அறுக்கக் கூடுதல் வாடகை கிடைக்கிறதாம். எப்போது திரும்பி வரும் என்று அவருக்கே தெரியவில்லை. பாதி அறுத்த காட்டில் எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரிவாளால் வெட்டிப் பார்த்தார்கள். ஒரு லாரி சேர்ப்பதற்குள் தோள் இற்றுப்போயிற்று. காண்ட்ராக்டர் போனில் அவசரப்படுத்தினார். வேறு கூட்டத்தை விடட்டுமா என்று கேட்டார்.

அன்றைக்கு அடைக்கலம் தானாகவே கேட்டார்.

"பேங்குக்கு என்னைக்குப் போறீங்க?"

"நீங்க சொன்னாப் போறேன்."

"நான் என்ன சொல்றது. ஒங்க பேரு, ஒங்க கணக்கு. எட்டுப் பேரு சோத்துக்குக் குறுக்க என் எழுத்து நிக்க வேணாம்."

காலையில் அவள் கிளம்பியபோது அவரும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். துணைக்கு வரவில்லை, அரிவாளுக்குப் பிடி வாங்க வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். பஸ் ஸ்டாப்பில் தள்ளி நின்றார். வால் முளைத்த 'அ' வந்ததும் முதலில் அவர்தான் கையைக் காட்டினார். பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவர் பின்னால் நின்றார். ஆலங்குடியில் அரிவாள் பிடி விற்கிற கடை வலது பக்கம். அவர் இடது பக்கம், பேங்குக்கு அவள் பின்னாலேயே வந்தார்.

பேங்கில் இருந்த மேடத்தின் பேர் ஷர்லி. நாகர்கோவில் பக்கத்துப் பெண். அழகி சொன்னதை முழுக்கக் கேட்கும் முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. வாரத்துக்கு இரண்டு பேர் இதற்காக வருகிறார்கள் என்றார். கார்டுகளை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு தாளில் மளமளவென்று எழுதி, அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"படிச்சுப் பாத்து இங்க கையெழுத்துப் போடுங்கம்மா."

அழகி பேனாவை வாங்கினாள். பின்னால் அவர் நிற்பது தெரிந்தது. திரும்பவில்லை. கொம்பு, மேல்சுழி, 'ச' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பேனா தாளில் பட்டது. கை அது பாட்டுக்குப் போயிற்று. நிமிர்ந்து பார்த்தால் தாளில் 'அ. அழகி' என்று இருந்தது.

உள்ளங்கையால் அதை மறைத்துக்கொண்டாள். தப்பாகிவிட்டது, வேறு தாள் கொடுங்கள், பல நாளாக எழுதிப் பழகிக்கொண்டுதான் வந்தேன், கை மாறிப்போயிற்று என்று கெஞ்சினாள். ஷர்லி மேடம் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டுத் தாளைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் எதையோ திறந்து அதையும் பார்த்தார்.

"சரியாத்தானேம்மா இருக்கு."

"இல்லீங்கம்மா. எழுத்தை மாத்தத்தான் வந்தோம். பழைய எழுத்தே விழுந்துருச்சு."

"மாத்துறது பேரை. கையெழுத்தை யாரு மாத்தச் சொன்னா? கையெழுத்து பேரு மாதிரி இருக்கணும்னு இல்லம்மா. போன தடவை போட்ட மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். நீங்க புதுசா 'சே'ன்னு போட்டிருந்தா, இது உங்க கையெழுத்து இல்லன்னு நானே திருப்பிக் குடுத்திருப்பேன்."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்ப அந்த 'அ' இருக்கலாங்களா?"

ஷர்லி மேடம் நிமிர்ந்தார். இவர் யார் என்று அழகியைப் பார்த்தார். அவள் சேலை முந்தானையைத் திருகினாள். மேடத்துக்கு அது போதுமாக இருந்தது.

"இருக்கணுங்கய்யா. இல்லன்னா பணம் எடுக்க முடியாது" என்றார்.

அடைக்கலம் முன்னால் வந்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தாளின் மேல் குனிந்தார். ரொம்ப நேரமாகக் காத்துக்கிடந்தவர் தூரத்தில் அறந்தாங்கி பஸ்ஸைக் கண்டுகொண்டது மாதிரி அந்த எழுத்தைப் பார்த்தார். விரலை மட்டும் வைக்கவில்லை. பேங்குத் தாள் என்று பயந்தாரோ என்னவோ.

வெளியே வந்ததும் டீக்கடை வாசலில் நின்றார். "டீ குடிக்கிறீ..." என்று ஆரம்பித்தார். அதை 'ங்களா' என்று முடிக்கவும் வாய் வரவில்லை, 'யா' என்று திருப்பவும் வரவில்லை. "ரெண்டு டீ" என்று கடைக்காரரிடம் சொன்னார். அழகி தன் டீயை ஊதி ஊதிக் குடித்தாள். அவசரப்படுத்தினால் கலைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அரிவாள் பிடியை இரண்டு பேருமே மறந்து பஸ் ஏறினார்கள்.

தேவிப்ரியா மறுபடி தட்டினாள். காசை மறுபடி அனுப்பச் சொல்லி எழுதியாகிவிட்டது, இனி வாசலில் நிறுத்த மாட்டார்கள் என்றாள். இந்தத் தடவை மெசேஜ் வந்தபோது அதை வாசிக்க ஆலங்குடிவரை போக வேண்டியிருக்கவில்லை. பேங்கில் இருந்தே இன்னொன்று வந்தது, தொகை போட்டு. பிடித்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. தாமதத்துக்கு வட்டியாம். கவர்மெண்டு நமக்கு வட்டி கட்டுதாக்கா, இதை ஊருக்குள்ள சொல்லாத, கடன் கேட்டு வந்துருவாங்க என்றான் வெள்ளைச்சாமி.

மிஷின் வாங்க அழகியும் அடைக்கலமும் வெள்ளைச்சாமியும் புதுக்கோட்டைக்குப் போனார்கள். அடைக்கலம் மூன்று மிஷினைத் தூக்கிப் பார்த்து, கயிற்றை இழுத்துச் சத்தம் கேட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்தார். யார் பேரில் போட என்று கேட்டார். வெள்ளைச்சாமி மச்சானைப் பார்த்தான். அழகி தரையைப் பார்த்தாள்.

"அழகின்னு போடுங்க" என்றார் அடைக்கலம்.

"இனிஷியல்?"

"சே."

கடைக்காரர் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். என்னங்க ஆச்சு, மிஷினில் ஏதாவது குறையா என்று கேட்டார்.

"ஒரு குறையும் இல்லீங்க. அதான் எழுத்து. எங்க மாமா பேரு சேவுகன்."

கடைக்காரர் அப்படியே எழுதினார். கீழே வாங்கியவர் கையெழுத்து என்று இருந்த இடத்தில் அழகி 'அ. அழகி' என்று போட்டாள். மேலே ஒன்று இருக்கிறது, கீழே ஒன்று இருக்கிறதே என்று கடைக்காரர் கேட்கவில்லை. அவர் பணத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அடைக்கலம் பேர் சொல்லவில்லை. 'ங்க' மட்டும் தேய்ந்துகொண்டு வந்தது. சோறு வைங்க என்பது சோறு என்று ஆகி, அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவதோடு நின்றது. மரியாதையில் ஏறுவது சுலபமாக இருந்திருக்கிறது, இறங்கத்தான் படி தெரியவில்லை என்று அழகி நினைத்துக்கொண்டாள்.

புது மிஷினுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பாதியில் கிடந்த காட்டில் இறங்கினார்கள். பொம்பளைகள் தள்ளி நின்றார்கள். அடைக்கலம் ஓரத்தில் நின்ற ஒரு மரத்தைச் சுற்றி வந்தார். மேலே பார்த்தார், காற்றைப் பார்த்தார், விழ வேண்டிய கோட்டைக் காலால் கிழித்தார். மிஷின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. தைல வாசம் காடு முழுக்க எழுந்தது. மரம் ஒரு தரம் முனகி, ஆடி, சாயத் தொடங்கியது. கோட்டுக்கு நேராகத்தான் வந்தது. கடைசி நேரத்தில் காற்று ஒரு தள்ளு தள்ள, ஒரு முழம் விலகி விழுந்தது.

"ச்சே" என்றாள் அழகி.

அவளுக்கே தெரியாமல் வந்துவிட்டது. இடுப்பில் கை வைத்திருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. சட்டென்று கையை எடுத்தாள். அடைக்கலம் மிஷினை நிறுத்தினார். காடு அமைதியாகிவிட்டது. வெள்ளைச்சாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

அடைக்கலம் விழுந்த மரத்தைப் பார்த்தார். கிழித்த கோட்டைப் பார்த்தார். அப்புறம் அவளை, தலையில் இருந்து கால் வரைக்கும், ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"ஏ அழகி" என்றார். "ஒங்கப்பன் எழுத்து ஒனக்கு நல்லாத்தான் படிஞ்சிருக்கு."

வெள்ளைச்சாமிதான் முதலில் சிரித்தான். அப்புறம் பிரகதாம்பாள், அப்புறம் எல்லோரும். அழகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மரத்தை நோக்கி நடந்தாள். ஈரம் காய்வதற்குள் பட்டை உரித்தாக வேண்டும்.